சாரல் சுவர் ஷீட்டு, போர்டு தகராறு: எந்தக் கோளாறுக்கு முதல்ல எங்க பாக்கணும்

கடலூர்ல தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்குற வீடுங்களுக்கு ஷீட் அடிக்கிறது, மாடியில சிமெண்ட் போர்டு வச்சு ரூம் எடுக்குறது, இதுதான் நம்ம பொழப்பு. நாலரை இன்ச் செங்கல் சுவரா இருக்கும், ஐப்பசி கார்த்திகையில சாரல் அடிச்சா உள்பக்கம் வரைக்கும் ஊறிடும், அதனால சுவருக்கு வெளியில பைப் ஃப்ரேம் போட்டு கலர் ஷீட்டோ போர்டோ அடிச்சு மூடிருவோம். 2011 டிசம்பர் 30 காலைல 'தானே' புயல் வந்து ஊரையே புரட்டிப் போட்டதுக்கு அப்புறம்தான் இந்த வேலை இங்க ரொம்ப ஆச்சு. அதுக்கப்புறம் 2020 நிவர், 2024 ஃபெஞ்சல்னு ஒவ்வொண்ணும் போனதும் போன் அடிக்கும். கம்ப்ளெயிண்ட் என்னவோ திரும்பத் திரும்ப அதே அஞ்சாறுதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். ஷீட்டு கெட்டுப்போச்சு, மாத்தணும்னு கூப்பிடுறவங்க வீட்டுல முக்கால்வாசி இடத்துல ஷீட்டு நல்லாத்தான் இருக்கும், கெட்டது ஸ்க்ரூ, இல்லன்னா ஓரம், இல்லன்னா அடிப்பக்கம். அதனால கீழ எல்லாத்தையும் செலவு கம்மியான காரணத்துல இருந்து செலவு ஜாஸ்தியான காரணம் வரைக்கும் வரிசையா எழுதியிருக்கேன், அதே வரிசையில பாருங்க, நடுவுல தாண்டிப் போகாதீங்க.

கையில வேண்டியது ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், ஸ்க்ரூடிரைவர், 8 எம்எம் ஸ்பேனர், தண்ணி ஹோஸ். ஏணியில ஏறினா கீழ ஒருத்தர் கண்டிப்பா பிடிச்சுக்கணும். காத்து அடிக்கும்போது ஏறவே கூடாது.

காத்தடிச்சா படபடன்னு சத்தம் வருது

சத்தம் ஒரே இடத்துல இருந்து வருதா, சுவர் முழுக்க வருதான்னு முதல்ல கேட்டுப் பாருங்க.

*ஒரே இடத்துல இருந்து வந்தா*

ஷீட்டைத் தொடுறதுக்கு முன்னாடி சுவத்துல என்னென்ன தொங்குதுன்னு பாருங்க. ஒரு பாட்டி வீட்டுல மூணு நாளா ராத்திரி தூக்கமே இல்ல, "யாரோ தட்டுறாப்புலயே இருக்குடா தம்பி"ன்னு ஒரே பயம். அதுக்கு முன்னாடி போன ஆளு எல்லா ஸ்க்ரூவையும் கழட்டி மாத்தி காசு வாங்கிட்டுப் போயிட்டான், சத்தம் மட்டும் நிக்கல. நான் போய் பாத்தா மாடியில இருந்து இறங்குற கேபிள் டிவி வயர், க்ளிப் விட்டுப்போய் காத்துல ஆடி ஆடி ஷீட்டுல அடிச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு க்ளிப் அடிச்சேன், முடிஞ்சுது. கேபிள் வயர், துணி காயப்போடுற கம்பி, மழைத்தண்ணி பைப்போட கிளாம்பு, இது மூணும் இல்லன்னு உறுதி ஆனதுக்கு அப்புறம்தான் ஷீட்டு.

அடுத்தது ஸ்க்ரூ. ஷீட்டைக் கையால அழுத்தி அழுத்தி விடுங்க, ஆடுற இடத்துல ஸ்க்ரூ லூசா இருக்கும், இல்ல ரப்பர் வாஷர் காஞ்சு பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். லூசுன்னா ஸ்பேனர் வச்சு டைட் பண்ணுங்க, ஆனா ரப்பர் தகட்டு வாஷருக்கு வெளியில பிதுங்குற அளவுக்கு முறுக்காதீங்க, ரப்பர் வாஷர் ஓரத்துக்கு சரியா வந்து நின்னா போதும். பிதுங்கின ரப்பர் வெயில்ல சீக்கிரம் வெடிச்சிடும், அப்புறம் சத்தத்தோட தண்ணியும் சேந்து வரும்.

ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கவே இல்லன்னா பைப்புல இருக்குற ஓட்டை பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். 12 நம்பர் ஸ்க்ரூ போட்டிருந்தா அதே ஓட்டையில 14 நம்பர் போட்டுப் பாருங்க. அதுவும் பிடிக்கலன்னா ரெண்டு இன்ச் தள்ளிப் புதுசா அடிச்சிட்டு பழைய ஓட்டையை சீலண்ட் வச்சு மூடுங்க. இன்னொண்ணு, ஸ்க்ரூ பைப்புலயே படாம வெறும் ஷீட்டுல மட்டும் நிக்குறதும் உண்டு, இது ஃபிட்டர் சாயங்கால அவசரத்துல பண்ற வேலை. உள்பக்கத்துல இருந்து பாக்க முடிஞ்சா ஸ்க்ரூ முனை பைப்பைத் துளைச்சு வந்திருக்கான்னு பாருங்க, மூணு மரையாவது பைப்புக்கு அந்தப்பக்கம் வந்திருக்கணும்.

*சுவர் முழுக்க சத்தம்னா*

ஃப்ரேம் பைப்புக்குப் பைப்பு எத்தனை அடின்னு அளந்து பாருங்க. நாலு அடிக்கு ஒண்ணுன்னு போட்டு காசை மிச்சம் பண்ணியிருப்பாங்க, இந்த ஊரு காத்துக்கு அது ஆகாது, ரெண்டரை அடிக்கு மேல நான் விடுறதே இல்ல, மூலைக்குப் பக்கத்துல இன்னும் நெருக்கமா போடுவேன். நடுவுல எக்ஸ்ட்ரா பைப் குடுக்கலாம், அதுக்கு ஷீட்டைக் கழட்டணும், வெல்டர் வரணும்.

பைப்பே சுவத்துல இருந்து ஆடுதுன்னா அங்கேயே நிறுத்திடுங்க. அது ஆங்கர் போல்ட் (பைப்பைச் சுவத்துல பிடிச்சு வைக்கிற போல்ட்) கதை, பின்னாடி ஷீட்டு பறந்து போறதைப் பத்திச் சொல்ற இடத்துல எழுதியிருக்கேன்.

மழை பெஞ்சா உள்சுவர் ஈரமாகுது

இதுக்குத்தான் ஜனங்க ஜாஸ்தி காசு விடுறாங்க, ஏன்னா ஈரத்தைப் பாத்த உடனே சிலிக்கான் டியூப் வாங்கிட்டு வந்து கண்ணுல பட்ட எல்லா இடத்துலயும் பூசிடுறாங்க. ஈரம் எப்போ வருதுன்னு ஒரு வாரம் பாருங்க, பாதி விடை அதுலயே வந்துடும்.

*மழையே இல்லாத மார்கழி காலைலயும் ஈரமா இருந்தா*

அது ஒழுகல் இல்ல. பனியில ஷீட்டு குளுந்து போய் உள்பக்கம் வேர்க்குது. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்குற சந்தை மேலயும் கீழயும் மொத்தமா அடைச்சு வச்சிருப்பாங்க, காத்து போக வழியே இருக்காது. அடியில அரை இன்ச் சந்து விடுங்க, எலி வரும்னு பயமா இருந்தா ஜிஐ (ஜிங்க் முலாம் போட்ட இரும்பு) வலை வச்சு மூடுங்க. மேல ஃப்ளாஷிங் தகட்டுக்கு, அதாவது ஓரத்தை மூட வளைச்சு வைக்கிற தகட்டுக்கு, அடியில கொஞ்சம் காத்து போகட்டும்.

*தரையில இருந்து ரெண்டு மூணு அடி மட்டும் ஈரம், வெள்ளையா உப்பு பூத்திருக்கு, கோடையிலயும் போகலன்னா*

இதுவும் ஷீட்டு தப்பு இல்ல, அஸ்திவாரத்துல இருந்து ஈரம் ஏறுது. ஷீட்டை எத்தனை தடவை மாத்தினாலும் நிக்காது, நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்க.

*மழையில மட்டும், அதுவும் காத்தோட வர்ற மழையில மட்டும் வந்தா*

இப்போ ஷீட்டைப் பாக்கலாம். ராத்திரியில ரூம்ல லைட்டை எல்லாம் அணைச்சிட்டு ஒருத்தர் உள்ள நில்லுங்க, வெளியில இன்னொருத்தர் டார்ச்சை ஷீட்டு மேல ஒட்டினாப்புல வச்சு மெதுவா நகர்த்தட்டும். மாடி ஷீட் ரூமுக்கு இது ரொம்ப நல்லா வேலை செய்யும், வெளிச்சம் எங்க தெரியுதோ அங்க சாக்பீஸால வட்டம் போட்டுக்கங்க. செங்கல் சுவர் மேல அடிச்ச ஷீட்டுக்கு இது ஆகாது, அதுக்கு ஹோஸ்தான்.

ஹோஸ் டெஸ்டுல எல்லாரும் பண்ற தப்பு மேல இருந்து ஆரம்பிக்கிறது. மேல அடிச்சா தண்ணி மொத்த சுவர்லயும் வழியும், எந்த ஓட்டையில போச்சுன்னே தெரியாது. கீழ இருந்து ஆரம்பிங்க. அடிப்பக்கம் ஒரு பத்து நிமிஷம், அப்புறம் ஜன்னலுக்குக் கீழ பத்து நிமிஷம், ஜன்னல் ரெண்டு பக்கம், ஜன்னலுக்கு மேல, கடைசியா மேல் ஓரம். உள்ள நிக்கிறவர் ஈரம் தெரிஞ்ச உடனே கத்தணும். அலுப்பு புடிச்ச வேலைதான், ஆனா இதுக்கு மிஞ்சின வழி எனக்குத் தெரியல.

நான் பாத்த வரைக்கும் தண்ணி உள்ள வர்ற இடம் ஜன்னலுக்கு மேல. சன்ஷேட் ஓரமும் ஷீட்டும் சேர்ற இடத்துல தகடு வளைச்சு வைக்காம வெறும் சிலிக்கான் கோடு இழுத்திருப்பாங்க, ரெண்டு வெயிலுக்கு அது ஒரு பக்கமா விட்டுக்கிட்டு நிக்கும். ஒரு தகட்டை எல் மாதிரி வளைச்சு, மேல் ஓரத்தை மேல இருக்குற ஷீட்டுக்கு உள்பக்கமா சொருகி, கீழ் ஓரம் தண்ணியை வெளியில தள்ளுற மாதிரி வைக்கணும். சீலண்ட் அதுக்கு ஒரு துணைதான்.

சீலண்ட் வாங்கும்போது ஒரு விஷயம். டியூபைத் திறந்தா வினிகர் மாதிரி புளிச்ச வாசனை வந்துச்சுன்னா அதை இரும்பு, கலர் ஷீட்டு மேல போடாதீங்க, அதுல இருக்குற ஆசிட் தகட்டை அரிக்கும். கடையில நியூட்ரல் சிலிக்கான்னு கேட்டு வாங்குங்க, போர்டு ஜாயிண்டுக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட். பழைய சிலிக்கான் மேலயே புதுசை அப்பாதீங்க, ஒட்டாது, பிளேடு வச்சு சுத்தமா சுரண்டி எடுத்துட்டுப் போடுங்க.

அடுத்து ஓவர்லாப். இங்க பெரிய மழை வடகிழக்குல இருந்து வாடையும் கொண்டலுமாத்தான் வரும். ஷீட்டு மேல ஷீட்டு ஏறுற வாய் அந்தப் பக்கம் பாத்திருந்தா தண்ணியைக் காத்து நேரா உள்ள தள்ளிரும். வாய் தெற்கயோ மேற்கயோ பாக்கணும், ஒண்ணரை மடிப்பாவது ஏறியிருக்கணும். தப்பா இருந்தா தற்காலிகமா அந்த வாய் முழுக்க பியூட்டைல் டேப்பை (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேப்) உள்ள ஒட்டி, ஒரு அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ அடிச்சு இறுக்கலாம், ஒரு சீசன் ரெண்டு சீசன் ஓடும். நிரந்தரமா வேணும்னா ஷீட்டைக் கழட்டி எதிர்ப்பக்கத்துல இருந்து அடுக்கிட்டு வரணும்.

மாடி ரூம்னா கூரை சேர்ற இடத்தையும் பாருங்க. சுவத்துல ஈரம் தெரியும், தண்ணி வர்றது கைப்பிடிச் சுவர் விரிசல்ல இருந்தா இருக்கும். இது எதுலயும் பிடிபடலன்னா வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடுங்க, கூப்பிட்டதும் அவர் ஹோஸ் டெஸ்ட் பண்ணாமலே ரேட்டு சொன்னார்னா வேற ஆளப் பாருங்க.

துரு வருது

எங்க துருன்னு பாருங்க, காரணம் இடத்துக்கு இடம் வேற.

*ஸ்க்ரூ தலையில துரு, கீழ செவப்புக் கோடு இறங்குது*

ஸ்க்ரூ மட்டும்தான் போச்சு. சாதா ஜிங்க் முலாம் போட்ட ஸ்க்ரூ கடல் பக்கத்துல ரெண்டு வருஷம் தாங்கினாலே பெருசு, தேவனாம்பட்டினத்துல ஒரு வீட்டுல ஸ்பேனரை வச்ச உடனே தலை மட்டும் ஊறின பிஸ்கட் மாதிரி கையோட வந்துடுச்சு, தண்டு உள்ளயே நின்னுடுச்சு. அந்த மாதிரி அறுபது எழுபது ஸ்க்ரூல அந்த ஷீட்டு சும்மா ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு, அடுத்த புயல் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்.

மாத்தும்போது கடைக்காரர் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, போடுங்கன்னு சொல்வார். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் போட்டேன், தப்பு. அலுமினியமும் ஜிங்க்கும் கலந்து கோட்டிங் குடுத்த ஷீட்டு, அதாவது நம்ம ஆளுங்க கால்வல்யூம்னு சொல்றது, அது மேல உப்புக்காத்துல எஸ்எஸ் ஸ்க்ரூ போட்டா ஸ்க்ரூ புதுசாவே பளபளன்னு இருக்கும், அதைச் சுத்தி ஷீட்டு அரிச்சுப்போய் ஓட்டை பெருசாகிடும். கடலோரத்துக்குன்னே கனமான கோட்டிங் குடுத்த ஸ்க்ரூ வருது, கொஞ்சம் விலை ஜாஸ்தி, அதைக் கேளுங்க. சிமெண்ட் போர்டுக்கு எஸ்எஸ் தாராளமா போடலாம், அதுல அரிக்கிறதுக்கு எதுவும் இல்ல. எஸ்எஸ்ஸுன்னு சொல்லிக் குடுத்ததுல காந்தம் நல்லா ஒட்டுச்சுன்னா அது 304ங்கிற எஸ்எஸ் ரகம் கிடையாது, வாங்குறதுக்கு முன்னாடியே வச்சுப் பாத்துக்கங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல கழட்டாதீங்க. ஒண்ணு கழட்டினா ஒண்ணு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

*ஷீட்டு அடியோரத்துல மட்டும் வரிசையா துரு*

குனிஞ்சு பாருங்க, அடியில சிமெண்ட் கலவை வச்சு அடைச்சிருக்கா? இங்க பாதி வீட்டுல இதுதான். பாம்பு வரும் எலி வரும்னு கொத்தனாரை விட்டு ஷீட்டு அடியைக் கலவைக்குள்ள புதைச்சிடுறாங்க. ஈரக் கலவை அந்தக் கோட்டிங்கை அரிச்சிடும், மிச்ச வேலையை உள்ள தேங்குற உப்புத்தண்ணி பாத்துக்கும். ஒரு அக்கா வீட்டுல நாலு வருஷத்துல ரெண்டு தடவை ஷீட்டு மாத்தியிருக்காங்க, ரெண்டு தடவையும் கம்பெனி சரியில்லன்னு கம்பெனியை மாத்தினாங்க, கொத்தனார் மட்டும் ரெண்டு தடவையும் அதே ஆளு, அதே கலவை. மூணாவது தடவை நான் கலவையை உடைச்சு எடுத்துட்டு, துருப்பிடிச்ச அடியோரத்தை அரை அடி வெட்டி, அந்த இடத்துக்கு தனியா ஒரு தகட்டுப் பட்டி சொருகி விட்டேன். தரையில இருந்து ஆறு இன்ச் தூக்கி நிக்கட்டும், அந்த ஆறு இன்ச்சுக்கு சுவத்துல நல்ல சிமெண்ட் பூச்சு இருந்தா போதும்.

*ஷீட்டு முழுக்க மிளகு தெளிச்ச மாதிரி பொட்டுப் பொட்டா துரு*

வேலை முடிஞ்ச சில வாரத்துலயே வந்தா கட்டிங் மெஷின்ல அறுத்தப்போ பறந்த இரும்புப் பொடி. பயப்பட வேணாம், ஈரத்துணியில சோப்புத்தண்ணி தொட்டுத் துடைங்க, கம்பி நார் வேணாம். அடுத்த தடவை ஷீட்டை கத்திரியிலயோ நிப்ளர்லயோ (தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கொத்தி வெட்டுற கருவி) வெட்டச் சொல்லுங்க, மெஷின்ல அறுத்தா ஓரத்துல பெயிண்டும் கோட்டிங்கும் எரிஞ்சு துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

*சன்ஷேடுக்கு அடியில, எறவாணத்துக்கு அடியில மட்டும் துரு, மழை படுற இடம் நல்லா இருக்கு*

நிறைய பேர் நம்ப மாட்டாங்க, மழை படாத இடம்தான் முதல்ல போகும். மழை உப்பைக் கழுவி விட்டுடும், நிழல்ல ஒதுங்கி நிக்கிற இடத்துல உப்பு படிஞ்சு படிஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கும். விரலால தடவி நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தை மட்டும் நல்ல தண்ணி ஹோஸ்ல கழுவுங்க. உங்க போர்த் தண்ணியே உப்பா இருந்தா அதுல கழுவிப் பிரயோஜனம் இல்ல.

*உள்ள ஃப்ரேம் பைப்புல துரு*

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடிச்சு கைப்பிடியால பைப்பைத் தட்டுங்க. நல்ல பைப் கணீர்னு கேட்கும், அரிச்ச பைப் தொத்தல் சத்தம் போடும். சந்தேகப்பட்ட இடத்துல முனையால குத்துங்க, உள்ள இறங்கிடுச்சுன்னா உங்க கை வைத்தியம் இதோட சரி, வெல்டர்தான். மேல மட்டும் துருன்னா தேய்ச்சு எடுத்துட்டு எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட்டு அடிங்க, ரெட் ஆக்சைடு மட்டும் இந்தக் காத்துக்கு நிக்காது. ஜிஐ பைப்பா இருந்தாலும் வெல்டிங் வச்ச இடத்துல ஜிங்க் எரிஞ்சு போயிருக்கும், துரு அங்கதான் முளைக்கும், அந்த இடத்துக்கு ஜிங்க் பெயிண்ட். பைப் முனைங்க திறந்து கிடந்தா மூடி போடுங்க, உள்பக்கமா அரிக்கிறதை வெளியில இருந்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

சிமெண்ட் போர்டு உப்புது, வளையுது, ஜாயிண்ட் வெடிக்குது

ஜாயிண்டுல நேர்கோடா விரிசல் வந்தா போர்டுல ஒண்ணும் இல்ல. போர்டுக்கும் போர்டுக்கும் சந்து விடாம ஒட்டி வச்சு, மேல புட்டி இழுத்து பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. வெயிலுக்கும் மழைக்கும் போர்டு கொஞ்சம் விரியும் சுருங்கும், புட்டி அதுக்கு வளைஞ்சு குடுக்காது. புட்டியைச் சுரண்டி எடுத்துட்டு, மூணுல இருந்து அஞ்சு எம்எம் சந்து இருந்தா பியூ சீலண்ட் நிரப்புங்க. சந்தே இல்லன்னா கட்டர்ல லேசா கோடு கிழிக்கணும், வாய்க்கும் மூக்குக்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு, ஏன்னா அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. விரிசலோட வாழ முடியலன்னா ஜாயிண்ட் மேல பட்டி அடிச்சு மறைச்சிடுங்க, எனக்கு என்னவோ அதுதான் பாக்கவும் அழகு, வேலையும் சுலபம்.

ஸ்க்ரூவைச் சுத்தி போர்டு பிஞ்சு வந்திருந்தா ஸ்க்ரூவை ஓரத்துக்கு ரொம்ப ஒட்டி அடிச்சிருக்காங்க. ஓரத்துல இருந்து அரை இன்ச்சுக்குக் குறையக் கூடாது, மூலையில இருந்து ரெண்டு இன்ச். பிஞ்ச ஸ்க்ரூவை விட்டுட்டு உள்ள தள்ளிப் புதுசா அடிங்க.

அடிப்பக்கம் உப்பி பொறை பொறையா உரிஞ்சா ரெண்டு காரணம். ஒண்ணு, வெட்டின ஓரத்துக்கு பிரைமர் அடிக்கல, அது திரி மாதிரி தண்ணியை உறிஞ்சும். காய விட்டு, நஞ்சுபோனதை வெட்டி எடுத்து, ஓரத்துக்கு வெளிப்புற பிரைமர் ரெண்டு தடவை அடிச்சா சரியாகும். ரெண்டாவது காரணம் செலவு வைக்கும், அது வெளி வேலைக்கான போர்டே கிடையாது. கால்சியம் சிலிகேட் போர்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு வர்றது, பாக்க ஒரே மாதிரி இருக்கும், விலை கம்மின்னு வெளியில அடிச்சிட்டுப் போயிடுறாங்க. அது மிஞ்சின துண்டு வீட்டுல கிடந்தா ஒரு ராத்திரி பக்கெட் தண்ணியில ஊறப் போட்டுட்டு காலைல நகத்தால கீறிப் பாருங்க, மாவு மாதிரி வந்துச்சுன்னா மொத்தமும் மாத்தத்தான் வேணும், பெயிண்ட் அடிச்சுக் காப்பாத்த முடியாது.

பழைய கல்நார் ஷீட்டு சுவத்துல இருந்தா அதை நீங்களா அறுக்காதீங்க, துளைக்காதீங்க, உடைக்காதீங்க. அந்தத் தூசி விளையாட்டு இல்ல. தெரிஞ்ச ஆளை வச்சு நனைச்சு முழுசா இறக்குங்க.

ஓரம் தூக்கிடுச்சு, இல்ல ஷீட்டே பறந்துடுச்சு

முதல்ல போட்டோ. எதையும் தொடுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் எடுத்து வைங்க, நிவாரணம், இன்சூரன்ஸ் எதுக்குப் போனாலும் அதைத்தான் கேப்பாங்க. காத்து நின்னுடுச்சுன்னு உடனே வெளியில போகாதீங்க, புயல் கண்ணு மேல வந்தாலும் அமைதியா இருக்கும், கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்துல இருந்து அடிக்கும்.

எல்லாரும் கடலைப் பாத்த சுவத்துக்குத்தான் காசு செலவு பண்ணுவாங்க. பறந்து போறது பெரும்பாலும் பக்கச் சுவரும் பின்னாடிச் சுவரும், அதுவும் மூலை. காத்து முன்னாடி தள்ளும், மூலையில திரும்பும்போது உறிஞ்சி இழுக்கும். நம்ம கரைக்கு கவர்மெண்ட் கட்டட விதியில போட்டிருக்குற காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துல எட்டுக்கு நாலு அடி போர்டு ஒண்ணு மேல விழுற அழுத்தம் 450 கிலோ கிட்ட வரும், மூலையில அதை விட ஜாஸ்தி. எத்தனை ஸ்க்ரூ போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாத்துட்டு நீங்களே யோசிங்க.

இப்போ பறந்த இடத்துல என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க.

*ஸ்க்ரூவும் வாஷரும் பைப்புலயே நிக்குது, ஷீட்டு மட்டும் கிழிஞ்சு போயிருக்கு:* ஷீட்டு மெலிசு, இல்ல ஸ்க்ரூ ரொம்ப தூரத்துக்கு ஒண்ணு. அடுத்த தடவை 0.50 எம்எம் ஷீட்டு போடுங்க, மூலையில இருந்து நாலு அடிக்கு ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்க்ரூ. சுவருக்கு பள்ளத்துல அடிக்கணும், கூரைக்கு அடிக்கிற மாதிரி மேட்டுல அடிச்சா ஷீட்டு அமுங்கி அமுங்கி ஸ்க்ரூவை ஆட்டிடும்.

*ஸ்க்ரூ பைப்புல இருந்து உருவிக்கிட்டு வந்திருக்கு:* பைப் கனம் பத்தல. ஒண்ணு புள்ளி ரெண்டு எம்எம் பைப்புல மரை பிடிக்க சதையே இல்ல, 2 எம்எம் போடுங்க.

*பைப்போட சேந்து போயிருக்கு:* ஆங்கர். பழைய செங்கல்ல, ஹாலோ பிளாக்குல சாதா ஆங்கர் போல்ட்டும் பிளாஸ்டிக் பிளக்கும் நிக்காது. கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில பசை நிரப்பி போல்ட்டை ஒட்டுறது) போடணும், இல்ல சுவருக்கு உள்பக்கம் பிளேட் வச்சு போல்ட்டை ஊடுருவ விட்டு முறுக்கணும். இதுக்கு என்ஜினியர் ஒரு தடவையாவது வந்து பாக்கட்டும், சுவத்துல விரிசல் இருந்தா கண்டிப்பா வரணும். ஃபேப்ரிகேஷன் பண்ற நானே இந்த இடத்துல தனியா முடிவு எடுக்குறது இல்ல.

*முன்பக்கம் அழகுக்கு ஒட்டின ஏசிபி (ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சது) ஷீட்டு பறந்திருக்கு:* பின்னாடி திருப்பிப் பாருங்க. வெறும் டேப்பும் சிலிக்கானும் மட்டும் இருந்தா, மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குறதும் போகப் போகுது. எல்லாத்தையும் இறக்கி நாலு பக்கமும் மடிச்சு ஆங்கிள் கிளிப் வச்சு ரிவெட் அடிச்சாத்தான் நிக்கும். அதுவரைக்கும் அதுக்குக் கீழ வண்டி நிறுத்தாதீங்க.

ஷீட்டைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது

இதுல ஒரு செக்கும் நீங்க பண்ண வேணாம். மெயினை அணைங்க, ஷீட்டுப் பக்கம் பிள்ளைங்களை விடாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஏதோ ஒரு வயர் ஷீட்டு ஓரத்துல உரசி உரசித் தோல் உரிஞ்சிருக்கும், இல்ல ஸ்க்ரூ ஒண்ணு சுவத்துக்குள்ள போற வயரைத் துளைச்சிருக்கும். மெயின் அணைச்சும் அடிச்சா கம்பத்துல இருந்து வர்ற சர்வீஸ் வயர்தான், அதுக்கு மின்வாரியத்துல இருந்துதான் ஆள் வரணும், நாமளா குச்சியை எடுத்துத் தள்ளுற வேலையெல்லாம் வேணாம். சரி பண்ணி முடிச்சதும் ஷீட் ஃப்ரேமுக்கு ஒரு எர்த் இழுக்கச் சொல்லுங்க.

துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்க, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு

இப்போ எல்லாத்தையும் சரி பண்ண முடியாது, ஆளும் கிடைக்காது. மூலையில இருந்து ஆரம்பிச்சு நாலு அடிக்கு ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்க, லூசானதை முறுக்குங்க, இல்லாத இடத்துல போடுங்க. அதுக்கு மேல நேரம் இருந்தா ஷீட்டு ஓரம் நெடுக ஒரு மர ரீப்பரை வச்சு ஷீட்டைத் தாண்டி பைப் வரைக்கும் போற நீள ஸ்க்ரூ அடிங்க, பாக்க அசிங்கமா இருக்கும், புயல் போனதும் கழட்டிக்கலாம். ஏற்கனவே பாதி கழண்டு தொங்குற ஷீட்டைக் கயிறு கட்டிக் காப்பாத்தப் பாக்காதீங்க, கழட்டி வீட்டுக்குள்ள படுக்க வச்சு மேல கனமா எதையாவது ஏத்துங்க. 'தானே' புயல் அடிச்சு ஓய்ஞ்ச அன்னிக்கு எங்க தெருவுல ஒரு தென்னை மரத்து நடுவுல ஷீட்டு ஒண்ணு கத்தி மாதிரி சொருகிக்கிட்டு நின்னுச்சு, யார் வீட்டுதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயே திறக்கல.